பனிக்கட்டி போக மீதி

மெத்தைக்கு அடியில், மார்பு வரும் இடத்துக்கு நேரே
ஒரு பட்டை. அடிக்கோல் அகலம்.
கண் இல்லை, காது இல்லை.
நடுக்கம் மட்டும் அதற்குத் தெரியும்.

இதயம் இரத்தத்தை ஒரு பக்கம் தள்ளும்போது
உடம்பு மறுபக்கம் மயிரிழை நகருமாம்,
படகிலிருந்து கரைக்குத் தாவினால்
படகு பின்வாங்குவதுபோல.
ரெய்க்யவிக்கிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்து
பொருத்திவிட்டுப் போனவன் சொன்னது இவ்வளவுதான்.
இரவுப்பணிக்காரி எனக்கு இது போதும்.

முன்பு இருந்தது வெறும் அழுத்தத் தகடு.
கனம் இருந்தால் ஆள் உண்டு,
இல்லாவிட்டால் இல்லை.
ஏழாம் அறை ஸ்டெயின்தோர்
ஒரே வாரத்தில் அதன் குட்டை உடைத்தார்.
முப்பத்தொரு வருஷம் துறைமுகத் தராசில் நின்றவர்:
பெட்டியைக் கழித்து, பனிக்கட்டியைக் கழித்து,
மீதியை மட்டும் மீனென்று எழுதிக் கையெழுத்திட்டவர்.
கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கொண்டுவந்த
இரண்டு பத்துக்கிலோ எடைக்கற்களை
எப்படித் தூக்கினாரோ, போர்வைக்குள் படுக்கவைத்துவிட்டு
விடியற்காலை மூன்று மணிக்குச் சமையலறையில்
கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தார்.

"உங்கள் தராசுக்குக் கழிக்கத் தெரியவில்லை,"
என்றார் பிர்னாவிடம், வாய் நிறைய மீனோடு.
நாங்கள் சிரித்தோம். அதைச் சொல்லியாக வேண்டும்.

ஜனவரியில் ஓர் இரவு
கற்கள் நன்றாகத் தூங்கின.
திரையில் ஆள் உண்டு, ஆள் உண்டு.
அவர் குளியலறைத் தரையில் கிடந்தார்,
இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை,
இடுப்பு உடைந்து,
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றி.
அன்று திரை முன்னால் இருந்தவள் நான்.

அதனால் வந்தது இந்தப் பட்டை.
கல் மூச்சு விடாது என்று அதற்குத் தெரியும்.
குட்ஃபின்னா போனபின் காலியாகக் கிடந்த ஐந்தாம் அறையில்
ஆள் உண்டு என்று இரண்டு இரவு அடம்பிடித்தது.
மூன்றாம் இரவில்தான் புரிந்தது:
கீழே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
அப்புறம் அதற்கும் கழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஏப்ரலில் கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார்.
ஒரு நாள் என் இடுப்பில் கருவி அலறியது:
ஏழாம் அறை. நாடித்துடிப்பு நூற்றைம்பது.
ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.
தலையணைக்குக் கீழே, சரியாக மார்பு வரும் இடத்தில்,
சுருண்டு கிடந்தது இல்லத்துப் பூனை லோப்பா.
ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மூடிக்கொண்டது.

சமையலறையில் அவர் நாற்காலியை எனக்கு இழுத்துப்போட்டார்.
"பூனையின் நாடி இவ்வளவு வேகம் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?"

அன்றுதான் பேரம் பேசினோம்.
கட்டிலைவிட்டு எழுந்தால் பட்டை உடனே கத்தாது,
பன்னிரண்டு நிமிடம் பொறுக்கும்.
கழிவறைக்குப் போய்வர அது போதுமென்று
யாரோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
கருவாட்டுக்குப் போதாது.
நாற்பது கேட்டார். இருபத்தைந்து என்றேன்.
மூன்று மணிக்கும் நான்குக்கும் இடையில் மட்டும்
முப்பத்தைந்து என்று முடிந்தது.
பதிலுக்குக் கற்கள் என் அலமாரியில்.
மேலாளருக்குத் தெரியாது.

இப்போது மூன்று ஏழு.
மலைச்சரிவில் காற்று இறங்குகிறது,
கட்டில்கள் எல்லாம் கொஞ்சம் அதிர்கின்றன,
பட்டைகள் அதைக் கழிக்கின்றன.
ஏழாம் அறை: ஆள் இல்லை.
கோடு, ஃபியர்டின் தண்ணீர்போல, தட்டை.
அது எங்கே போனார் என்று அறியாது;
இருந்தார், இல்லை, அவ்வளவே.
மீதி முப்பத்தைந்து நிமிடத்தையும்
நான்தான் சுமக்கிறேன், காபி ஆறுகிறது.

மூன்று முப்பத்தெட்டு.
கைத்தடிச் சத்தம். எழுந்து பார்க்கமாட்டேன்,
அதுவும் பேரத்தில் உண்டு.
கோடு ஒருமுறை பெரிதாகத் துள்ளுகிறது,
பிறகு குழம்புகிறது.
பட்டை உடனே நம்புவதில்லை,
ஏறக்குறைய ஒரு நிமிடம் யோசிக்கும்:
மெத்தையைக் கழித்து,
போர்வையைக் கழித்து,
காற்றைக் கழித்து.

அறுபத்தாறு. மூச்சு பதினைந்து.
குறித்துக்கொள்கிறேன்.